கொறங்காட்டுச் செடிகளின் வேதிப்பொருள்: ஆய்வகத் தட்டா, கம்பி வலையா, ஆட்டின் வாயா?

காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம் வட்டாரத்துக் கொறங்காடுகளில், அதாவது வேலியடைத்துக் காக்கும் மேய்ச்சல் நிலங்களில், எது முளைக்கிறது, எது மேயப்படுகிறது, எது நிலைத்து நிற்கிறது என்பதைச் செடிகளின் வேதிப்பொருள்கள் எந்த அளவுக்குத் தீர்மானிக்கின்றன என்ற கேள்வியை ஆய்வுக்கு எடுக்க நினைக்கும் மாணவர், தலைப்பைவிட வழிமுறையைத் தேர்வதில்தான் அதிகம் தடுமாறுவார். இலைச்சாற்றை ஆய்வகத்தில் விதைகளின்மேல் ஊற்றிப் பார்க்கலாம். காட்டிலேயே கம்பி வலை கட்டி, மண்ணில் கரி கலந்து, என்ன முளைக்கிறது என்று கவனிக்கலாம். ஆடுமாடுகள் எதைத் தின்கின்றன, எதை ஒதுக்குகின்றன என்று பின்தொடர்ந்து எண்ணலாம். செடிகள் காற்றில் விடும் ஆவிப்பொருளையும் அளக்கலாம். இந்த நான்கும் வேதிச் சூழலியல் என்ற ஒரே துறையின் வழிகள்தாம் என்றாலும், ஒவ்வொன்றும் விடை சொல்லும் கேள்வி வேறு, கேட்கும் பணமும் பருவமும் வேறு. என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கொறங்காட்டில் வேதிப்பொருளின் முதன்மையான பாதை கால்நடையின் வாய் வழியாகவே செல்கிறது என்று கருதுகிறேன். ஆகவே ஆட்டைக் கணக்கில் எடுக்காத ஆய்வு, எவ்வளவு நுட்பமான கருவியோடு செய்யப்பட்டாலும், இந்த நிலத்தைப் பற்றி அரைகுறையாகவே பேசும்.

வழிகளுக்குள் போகும் முன் ஓர் எச்சரிக்கை வேண்டும். இத்துறையின் அடிப்படை ஆய்வுகளில் பெரும்பாலானவை வட அமெரிக்கப் பாலைநிலங்களில் நடந்தவை. மொஹாவி, சொனோரா பாலைகளில் இலை முழுதும் பிசின் பூசிய கிரியோசோட் புதரும், அதற்கு வடக்கே நம் மரிக்கொழுந்தின் பேரினத்தைச் சேர்ந்த சேஜ்பிரஷ் புதரும் பரந்து கிடக்கின்றன. நீரும் சத்தும் குறைந்த நிலத்தில் மெதுவாக வளரும் செடிக்கு ஓர் இலையை இழப்பது பெரிய நட்டம். இழந்ததை விரைவில் ஈடுகட்ட முடியாது. எனவே அது தன் இலையைக் காக்கும் வேதிப்பொருளில் அதிகம் முதலிடும் என்ற விளக்கம் 1980களில் உருவாகி இன்றும் பரவலாக ஏற்கப்படுகிறது. கொங்கு நாட்டின் வறண்ட பகுதிகளுக்கும் அந்த விளக்கம் ஓரளவு பொருந்தும். ஆனால் இது பாலைநிலம் அன்று. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருந்தாலும் ஆண்டுக்கு 600 மில்லிமீட்டரை ஒட்டி மழை பெய்கிறது; அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் வந்துவிடுகிறது. மொஹாவியின் பல இடங்களில் 150 மில்லிமீட்டர்கூடப் பெய்வதில்லை. அதைவிடப் பெரிய வேறுபாடு, கொறங்காடு மனிதர் வைத்துக் காக்கும் மேய்ச்சல் நிலம் என்பதுதான். கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரங்கள், முறை வைத்து விடப்படும் மாடும் செம்மறியும் என்று தலைமுறைகளாகப் பழகிய ஏற்பாடு அது. வட அமெரிக்க ஆய்வுகளிலிருந்து நாம் கடன் வாங்க வேண்டியது வழிமுறைகளையே. முடிவுகளை இங்கேயும் பொருந்தும் என்று முன்கூட்டியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

முதல் வழியான ஆய்வகத் தட்டுச் சோதனை எளியது. சீமைக் கருவேல இலையை உலர்த்திப் பொடியாக்கி, நீரில் ஊறவைத்து வடிகட்டி, பச்சைப்பயறு அல்லது சோள விதைகள் வைத்த தட்டில் ஊற்றினால், சில நாட்களில் முளைப்பு விழுக்காடும் வேர் நீளமும் கையில் வந்துவிடும். செலவு குறைவு, மழைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை, புள்ளியியல் அட்டவணையும் அழகாக அமையும். குறுகிய கால ஆய்வேடுகள் பலவும் இதையே நாடுவதில் வியப்பில்லை. சீமைக் கருவேலத்தைப் பொறுத்தவரை இந்தப் பாதையில் உண்மையான கண்டுபிடிப்புகளும் உண்டு: அதன் இலையிலிருந்து விதை வளர்ச்சியைத் தடுக்கும் பொருள்களைப் பிரித்தபோது, அவற்றுள் ஒன்று எல்-டிரிப்டோபான் என்னும் சாதாரண அமினோ அமிலம் என்று தெரியவந்தது.

இந்த வழியின் பலவீனத்தைப் புரிந்துகொள்ள தென் கலிஃபோர்னியப் பாலையின் பழைய வழக்கு ஒன்றைப் பார்க்க வேண்டும். 1940களில் எஃப். டபிள்யூ. வென்ட் என்ற தாவரவியலாளர், மற்றப் புதர்களின் கீழ் மழைக்குப் பின் செழிக்கும் ஓராண்டுச் செடிகள் என்சீலியா என்னும் புதரின் கீழ் மட்டும் காணப்படுவதில்லை என்று கவனித்தார். 1948இல் கிரே, பானர் என்ற இருவர் என்சீலியா இலையிலிருந்து வளர்ச்சியைத் தடுக்கும் பொருளொன்றைப் பிரித்தெடுத்தனர். வழக்கு முடிந்தது போலவே இருந்தது. ஆனால் 1950களில் கார்னீலியஸ் முல்லர், ஓராண்டுச் செடிகளுக்குத் தாராளமாக இடம்கொடுக்கும் ஆம்புரோசியா புதரின் சாறும் சோதனையில் நச்சாகவே நடந்துகொள்வதைக் காட்டினார். அப்படியானால் காட்டில் தெரியும் வேறுபாட்டுக்குச் சாறு காரணமாக இருக்க முடியாது. ஆம்புரோசியாவின் அடியில் சருகும் காற்றடித்து வந்த மண்ணும் தேங்கி விதைக்கு இடமாகின்றன; என்சீலியாவின் அடியில் அவ்வாறு தேங்குவதில்லை. தட்டில் தெரிந்தது உண்மைதான். ஆனால் காட்டில் நடந்ததற்கு அது விளக்கமாகவில்லை. இலையைப் பொடியாக்கும்போது, மழைத்துளி ஒருபோதும் வெளியே கொண்டுவராத அளவுக்கு உள்ளிருப்பதெல்லாம் நீரில் இறங்கிவிடுகிறது. அடர்ந்த சாற்றின் உப்புச் செறிவே விதை நீர் உறிஞ்சுவதைத் தடுக்கவும் கூடும். மண்ணின் களியும் நுண்ணுயிரிகளும் அந்தப் பொருளைப் பிடித்துவைக்கவோ சிதைக்கவோ தட்டில் வாய்ப்பே இல்லை.

ஆகவே தட்டுச் சோதனையைச் செய்தே தீர வேண்டும் என்றால் மூன்று திருத்தங்களை நான் வற்புறுத்துவேன். இலையைப் பொடியாக்காமல் உதிர்ந்த சருகை முழுதாகவே ஊறவைக்க வேண்டும். அதே சவ்வூடு அழுத்தம் உள்ள, அதாவது விதை நீர் உறிஞ்சுவதைச் சாற்றின் அளவுக்கே தடுக்கும், நச்சில்லாத கரைசல் ஒன்றை ஒப்பீட்டுக்கு வைக்க வேண்டும். வடிதாளுக்குப் பதில் அந்தக் காட்டு மண்ணையே பயன்படுத்தி, பச்சைப்பயறுக்குப் பதில் அங்கே முளைக்க வேண்டிய கொழுக்கட்டைப் புல் விதையையே இட வேண்டும். இவ்வளவும் செய்தபின் விளைவு மறைந்துவிட்டால், அதுவும் நல்ல முடிவுதான். அப்படிப்பட்ட முடிவை ஆய்வேட்டில் எழுதத் தயங்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது என்பது வேறு விஷயம்.

இரண்டாவது வழி வேலியும் கரியும். இதன் பின்னணியிலும் அதே முல்லர் வருகிறார் என்பது இத்துறையின் சுவையான முரண். என்சீலியா வழக்கில் அவ்வளவு எச்சரிக்கையாக இருந்தவர், 1964இல் கலிஃபோர்னியக் கடற்கரையோரப் புதர்க்காட்டின் சால்வியா புதர்களைச் சுற்றிப் புல் முளைக்காமல் வளையமாகத் தெரியும் வெற்றுத்தரைக்கு, அப்புதரின் இலைகள் காற்றில் விடும் கற்பூரம், சினியோல் போன்ற ஆவிப்பொருள்களே காரணம் என்று தம் குழுவினரோடு எழுதினார். வானிலிருந்து எடுத்த படங்களில்கூட அந்த வளையங்கள் தெரிந்ததால் செய்தி உலகெங்கும் பரவியது. 1970இல் புரூஸ் பார்த்தலோமியூ செய்தது மிக எளிமையான வேலை: வெற்றுத்தரையின் சில பகுதிகளைச் சிறு விலங்குகள் நுழையாதபடி கம்பி வலையால் மூடினார். வலைக்குள் செடிகள் வளர்ந்தன. புதரின் மறைவிலிருந்து வெளியே வந்து, ஆபத்து வந்தால் உடனே திரும்பி ஓடக்கூடிய தொலைவு வரை மேயும் எலிகளும் முயல்களும்தான் அந்த வளையத்தின் பெரும்பகுதிக்குக் காரணம் என்று தெரிந்தது.

இதை அப்படியே கொறங்காட்டுக்குக் கொண்டுவந்து பாருங்கள். அடர்ந்த சீமைக் கருவேலத்தின் அடியில் தரை வெறுமையாகக் கிடப்பதை எல்லோரும் கண்டிருப்போம். அதை உடனே இலையின் நச்சுக்கு ஏற்றிச் சொல்வது வழக்கமாகிவிட்டது. ஆனால் மதிய வெயிலில் அந்த நிழலில்தான் ஆடுகள் ஒதுங்குகின்றன. அங்கே தரை மிதிபட்டு இறுகுகிறது, முளைப்பது உடனே கடிபடுகிறது, புழுக்கை குவிந்து மண்ணின் சத்து மாறுகிறது. நிழலே புல்லுக்குப் பகை. வேர் உறிஞ்சும் நீரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இவற்றையெல்லாம் பிரித்தெடுக்காமல் வேதிப்பொருளைக் குற்றம் சொல்வது, ஊரில் திருட்டுப் போனால் புதிதாக வந்தவனைப் பிடித்துக் கட்டிவைப்பது போலத்தான்.

பிரித்தெடுக்கும் கருவிகள் இரண்டும் கொங்கு நாட்டில் கைக்கெட்டும் தொலைவிலேயே கிடைக்கின்றன. ஒன்று கம்பி வலை. மற்றொன்று கிளர்வூட்டிய கரி. கரிமச் சேர்மங்களைத் தன்மேல் ஒட்டவைத்துக்கொள்ளும் இந்தக் கரியை மண்ணில் கலந்தால், வேர்களிலிருந்தும் சருகிலிருந்தும் இறங்கும் தடைப்பொருள்களின் விளைவு குறைகிறதா என்று பார்க்கலாம். மொஹாவியில் புரூஸ் மாஹால், ரகன் கேலவே இருவரும் 1990களின் தொடக்கத்தில், கிரியோசோட் வேர்கள் அருகிலுள்ள ஆம்புரோசியா வேர்களின் வளர்ச்சியைத் தடுப்பதையும், ஆம்புரோசியா வேர்கள் தொட்டவுடன் தம் இனத்து வேர்களையே நிறுத்துவதையும் காட்டினார்கள். கிரியோசோட்டின் தடை மண்ணில் கரைந்து பரவும் பொருளால் வருவது என்று காட்ட அவர்களுக்கு உதவியது இந்தக் கரிதான். நம் பக்கத்திலோ தேங்காய்த் தொட்டிக் கரியும் அதிலிருந்து செய்யும் கிளர்வூட்டிய கரியும் ஒரு தொழிலாகவே நடப்பதால், பொருளுக்காகத் தொலைதூரம் அலைய வேண்டியதில்லை.

இந்த வழியில் கவனிக்க வேண்டியவை சில. கரியே மண்ணின் சத்தை மாற்றிச் செடி வளர்ச்சியைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும் என்று 2008இல் வெளிவந்த ஆய்வு ஒன்று காட்டியிருக்கிறது. எனவே சீமைக் கருவேலமே இல்லாத வெட்டவெளியிலும் கரி கலந்த கட்டமும் கலக்காத கட்டமும் கட்டாயம் வேண்டும். வலை ஆட்டை மட்டும் தடுத்தால் போதாது. வெள்ளெலி தோண்டி உள்ளே வராதபடி அதன் அடியை மண்ணுக்குள் இறக்க வேண்டும். விதையைத் தூக்கிச் செல்லும் எறும்பைத் தடுப்பது கடினம், அதைக் குறித்துக்கொண்டு கடந்துவிடலாம். வலைக்குப் பணமில்லை என்று முள்படல் கட்ட நினைப்பவர்கள் சீமைக் கருவேல முள்ளால் கட்டிவிடக் கூடாது. சோதிக்க வேண்டிய இலையே படலிலிருந்து எல்லாக் கட்டங்களிலும் உதிர்ந்துகொண்டிருக்கும். ஒரே மரத்தின் அடியில் பத்துக் கட்டம் போட்டுவிட்டுப் பத்து மறுசோதனை என்று கணக்குக் காட்டுவதும் செல்லாது. வெவ்வேறு தோட்டங்களில் வெவ்வேறு மரங்கள் வேண்டும். அதற்கு வெவ்வேறு தோட்டக்காரர்களின் சம்மதம் வேண்டும். உண்மையில் இந்த வழியின் பெருஞ்செலவு அதுதான். மேய்ச்சல் தட்டுப்பாடான கோடையில் தன் காட்டுக்குள் மாடு நுழையாத ஒரு மூலையை விட்டுக்கொடுக்கும்படி ஒரு விவசாயியைக் கேட்பதற்கு முன், அவர் வீட்டுத் திண்ணையில் நிதானமாக உட்கார்ந்து பேசும் பொறுமை மாணவருக்கு வேண்டும்.

மூன்றாவது வழி, என் மனத்துக்கு நெருக்கமானது, கால்நடையின் வாய். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தின் தென்பகுதியில் பிளாக்பிரஷ் என்ற புதர் நிறைந்த நிலத்தில் ஃபிரெட் புரோவென்சா என்ற ஆய்வாளர் வெள்ளாடுகளை மேயவிட்டபோது, புரதம் அதிகமுள்ள இளங்கிளைகளைத் தவிர்த்துவிட்டு முற்றிய கிளைகளையே அவை தின்றன. இளங்கிளைகளில் செறிந்த டானின் என்னும் துவர்ப்புப் பொருள் காரணம். அதைத் தின்றபின் வயிற்றில் ஏற்படும் கெடுதியை ஆடுகள் அந்தச் சுவையோடு சேர்த்து நினைவில் வைத்துக்கொண்டு விலக்கக் கற்கின்றன என்று 1990இல் அவரும் உடன் பணியாற்றியோரும் நிறுவினார்கள். அதே நிலத்தில் ஒரு மந்தை மட்டும், காட்டெலிகள் கட்டிய புதர்க்கூடுகளைத் தின்னப் பழகியது. எலி மூத்திரம் ஊறிய அந்தக் கூட்டில் தழைச்சத்து இருந்தது. மற்ற மந்தைகளைவிட அது உடல் தேறியிருந்தது. ஆட்டை வெறும் மேயும் இயந்திரமாக நினைப்பவர்களுக்கு இதைவிடச் சிறந்த மறுமொழி இல்லை.

வாய்க்குப் பின்னால் வயிறும் இருக்கிறது. மொஹாவியின் காட்டெலிகள் பிசின் நிறைந்த கிரியோசோட் இலையைத் தின்று வாழ்கின்றன. அதற்கு வடக்கே உள்ள கிரேட் பேசின் பகுதியில் கிரியோசோட் இல்லாத இடத்து அதே இனத்து எலிகளால் அதை அந்த அளவுக்குத் தின்று தாங்க முடிவதில்லை. 2014இல் டெனிஸ் டீரிங் குழுவினர், பழகிய எலிகளின் குடல் நுண்ணுயிரிகளைப் பழகாத எலிகளுக்கு மாற்றியபோது, அவையும் கிரியோசோட்டைத் தின்று தாங்கிக்கொண்டதைக் காட்டினார்கள். வெள்வேலங்காயைத் தின்று வளர்ந்த மேச்சேரிச் செம்மறிக்கும் தொழுவில் தீவனம் தின்று வளர்ந்த ஆட்டுக்கும் இடையே இப்படியொரு வேறுபாடு இருக்குமா என்பது நம் நிலத்துக்கே உரிய நல்ல கேள்வி.

கொறங்காட்டில் இந்த வழிக்குக் களம் ஆயத்தமாகவே இருக்கிறது. சீமைக் கருவேலத்தின் காய் இனிப்பானது. ஆடுமாடுகள் விரும்பித் தின்கின்றன. இலையையோ அவை பெரும்பாலும் தொடுவதில்லை. ஒரே மரம் தன் இலைக்குக் காவல் வைத்து, காய்க்குக் கூலி கொடுத்து, கடின ஓடுள்ள விதையைச் சாணத்தோடும் புழுக்கையோடும் ஊரெல்லாம் பரப்பிக்கொள்கிறது. 1870களில் விறகுக்காகவும் வறண்ட நிலத்துக்காகவும் அன்றைய சென்னை மாகாணத்தின் கடப்பைப் பகுதியில் நடப்பட்ட மரம் இவ்வளவு தூரம் பரவியதில் இந்த ஏற்பாட்டுக்குப் பங்குண்டு. அந்தக் காயும் முற்றிலும் தீங்கற்றதன்று. வேறு தீவனமின்றி நெடுங்காலம் அதையே தின்ற மாடுகளுக்கும் ஆடுகளுக்கும் தாடை கோணி மெல்ல முடியாமல் போகும் நோய் வருவதை, ஜூலிப்ரோசோபின் என்னும் ஆல்கலாய்டு நரம்பைத் தாக்குவதோடு பிரேசில் நாட்டு ஆய்வாளர்கள் தொடர்புபடுத்தியிருக்கிறார்கள். வெள்வேலத்தின் கணக்கு வேறு: காயில் புரதம் நல்ல அளவில் இருக்கிறது, ஆனால் இலையிலும் பச்சைக் காயிலும் டானினோடு, சயனைடு விடும் பொருளும் உண்டு. வாடிய இளஞ்சோளப் பயிரைத் தின்ற மாடு சாய்ந்துவிடும் என்று அறிந்த கொங்கு விவசாயிக்கு இந்த நச்சைப் பற்றி யாரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. எந்த மாதத்தில், எந்தப் பருவத்துக் காயை ஆடு எடுக்கிறது, எதை விட்டுவிடுகிறது என்பதை அவரிடம் கேட்டுத் தொடங்குவதே முறை.

செய்முறையும் கடினமன்று. மந்தையில் ஓர் ஆட்டைத் தேர்ந்து, குறித்த நேரம் அதன் பக்கத்திலேயே நடந்து, எந்தச் செடியில் எத்தனை கடி என்று எண்ணிக் குறிக்கலாம். அதே நாளில் அந்தச் செடிகளின் இலையை எடுத்து ஆய்வகத்தில் பீனால் வகைப் பொருள்களின் மொத்த அளவையும் அவற்றுள் ஒன்றான டானினையும் கணக்கிடலாம். கரைசலின் நிறச் செறிவை அளக்கும் நிறமாலை ஒளிமானி ஒன்று இருந்தால் போதும். இலையை அடுப்பில் அதிகச் சூட்டில் உலர்த்தினால் டானின் மாறிவிடும், ஆவிப்பொருள் பறந்துவிடும், நிழலில் உலர்த்துவதோ உறையவைத்து உலர்த்துவதோ நல்லது. டானின்தான் காரணமா என்று உறுதிப்படுத்த, டானினைப் பிணைத்துச் செயலிழக்கச் செய்யும் பாலிஎத்திலீன் கிளைகால் கலந்த தீவனத்தையும் கலக்காத தீவனத்தையும் கொடுத்து ஒப்பிடும் முறை உலகெங்கும் பழக்கத்தில் உள்ளது. தீவனத்தில் எதையும் கலந்து கொடுப்பதாக இருந்தால் கல்வி நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழுவிடம் முன் அனுமதி பெற வேண்டும். அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். மேயும் ஆட்டை எண்ணிக் குறிப்பதில் அந்த அளவுக்குச் சிக்கல் இல்லை. இந்த வழியின் உண்மையான குறை வேறு: ஆடு பசித்திருந்ததா, முதல் நாள் எதைத் தின்றது, தாய் ஆட்டிடம் எதைக் கற்றது என்பதெல்லாம் எண்ணிக்கையில் கலந்துவரும், அவற்றைப் பிரிக்கப் பல மந்தைகளும் பல பருவங்களும் தேவைப்படும்.

நான்காவது வழியைச் சுருக்கமாகவே சொல்லலாம். ரிச்சர்ட் கார்பன் கலிஃபோர்னியாவில், ஒரு சேஜ்பிரஷ் கிளையை வெட்டினால் அது விடும் ஆவியை நுகர்ந்த பக்கத்துக் கிளைகளும் புதர்களும் அந்தப் பருவத்தில் பூச்சிகளால் குறைவாகவே கடிபடுகின்றன என்று நீண்ட காலம் ஆராய்ந்து காட்டியிருக்கிறார். கத்தரிக்கோலும் இலையில் கடிவாய் எண்ணும் பொறுமையும் இருந்தால் இதன் முதற்கட்டத்தைச் செய்துவிடலாம். ஆனால் எந்தப் பொருள் என்று சொல்ல, கலந்த ஆவிகளைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் வாயு நிறப்பகுப்புக் கருவி வேண்டும், ஒவ்வொரு மாதிரிக்கும் கட்டணம் வேண்டும். அதோடு, ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் காற்றில் எந்தச் செடியின் ஆவி எந்தச் செடியைச் சேர்ந்தது என்று உறுதியாகச் சொல்வது மிகக் கடினம். கிளுவையின் நறுமணப் பிசின் இந்த ஆய்வுக்குக் கவர்ச்சியான பொருள் என்பதை மறுக்கவில்லை. நிதியும் கருவியும் உள்ள குழுவுக்கு அதை விட்டுவிடலாம்.

இனித் தேர்வு. இதைப் பணத்தைவிடப் பருவமழையே தீர்மானிக்கிறது. முதுகலை மாணவர் ஆய்வுக்கு ஒதுக்கக்கூடியது பெரும்பாலும் ஒரு பருவம்தான். தலைப்பு ஒப்புதலாவதற்குள் ஐப்பசி மழை பெய்து முடிந்திருந்தால், வேலி போட்டும் பயனில்லை. உள்ளே முளைக்க வேண்டியவை ஏற்கெனவே முளைத்திருக்கும். அவருக்கு நான் சொல்வது, தை முதல் வைகாசி வரை காய் உதிரும் காலத்தில் கடி எண்ணிக்கையும் அதனோடு டானின் அளவீடும். மேலே சொன்ன திருத்தங்களோடு ஒரு சிறு தட்டுச் சோதனையை ஆய்வகத்தில் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஆய்வேட்டின் தலைப்பு அதன் பேரில் இருக்கக் கூடாது. வீட்டில் ஆடு மேய்த்து வளர்ந்த மாணவராக இருந்தால், மந்தையோடு நடக்கும்போது அவர் காண்பதைக் கருவி மட்டும் தெரிந்தவர் காண மாட்டார்.

முனைவர் பட்ட மாணவருக்கு மூன்று வடகிழக்குப் பருவங்களாவது கிடைக்கும். அவர் வேலியையும் கரியையும் முதுகெலும்பாக வைத்து, அதோடு கடி எண்ணிக்கையை இணைக்க வேண்டும் என்பது என் கருத்து. வலைக்கு வெளியே ஆடு செய்வதை அளக்காமல் வலைக்கு உள்ளே முளைப்பதை மட்டும் அளந்தால் ஒப்பீட்டின் ஒரு தட்டு காலியாகவே இருக்கும். செடியாகச் சீமைக் கருவேலத்தையும் வெள்வேலத்தையும் இணையாக எடுப்பது நல்லது. ஒன்றின் அடியில் தரை வெறுமை, மற்றொன்றின் சன்னமான நிழலில் கொழுக்கட்டைப் புல் நிற்கிறது. இரண்டின் காயையும் அதே ஆடுகள்தாம் தின்கின்றன. இரண்டிலும் விதை முளைப்பைத் தடுக்கும் சாறு தட்டில் தெரிந்து, காட்டில் ஒன்றின் அடியில் மட்டும் தரை வெறுமையாக இருந்தால், 1950களில் முல்லர் ஆம்புரோசியாவை வைத்துக் கேட்ட கேள்வியை இங்கேயும் கேட்கலாம்.

முதல் ஆண்டில் மரங்களையும் தோட்டங்களையும் தேர்ந்து, சம்மதம் பெற்று, எந்த வலையும் இல்லாமல் ஒரு பருவம் முழுதும் தரையில் உள்ள செடிகளை எண்ணி வைத்துக்கொள்ள வேண்டும். இந்த அடிப்படைக் கணக்கு இல்லாமல் பின்னால் வரும் மாற்றத்தை எதனோடும் ஒப்பிட முடியாது. இரண்டாம் ஆண்டில் கரி கலப்பதையும் வலை இறக்குவதையும் புரட்டாசிக்குள் முடித்துவிட வேண்டும். கரி கலக்க மண்ணைக் கிளறுவதால், கரி சேராத கட்டங்களிலும் அதே ஆழத்துக்குக் கிளற வேண்டும். அதை மறந்தால் கிளறியதன் விளைவைக் கரியின் விளைவு என்று எழுத நேரும்.